கிரிவலம் நடக்கும் அம்மா ஏலகிரியில் நான்கு நாள் நடப்பாரா?

காட்பாடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். டிசம்பர் கடைசி வாரத்தில் 64 வயது அப்பாவையும் 59 வயது அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஏலகிரியிலும் ஜவ்வாது மலையிலும் நான்கு நாள் நடக்க ஆசை. ஏரிக்கரை, மலைக்கிராமம், அருவி என்று ஒரு சுற்றுலா நிறுவனம் வழிகாட்டியோடு சேர்த்துத் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறது. அம்மா பௌர்ணமி தவறாமல் திருவண்ணாமலை கிரிவலம் நடப்பவர். வலது முழங்காலில் மட்டும் எப்போதாவது வலி வரும். அம்மாவால் முடியுமா என்பது முதல் கேள்வி. வழிகாட்டிக்குப் பணம் கொடுக்கத்தான் வேண்டுமா, ஊர்க்காரர்களிடம் வழி கேட்டே போய்விடக் கூடாதா என்பது இரண்டாவது. எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகப் படுகின்றன. பாதி வழியில் அம்மாவுக்கு முடியாமல் போனால் என்ன செய்வது, திரும்பலாம் என்று யார் சொல்வது என்பதுதான் உங்கள் மனத்தில் இருக்கிறது.

நான் ஆம்பூர்க்காரன். புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் மாணவர்களையும் பிறகு தெரிந்த குடும்பங்களையும் இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த மலைகளுக்கு அழைத்துப் போயிருக்கிறேன். மருத்துவன் அல்ல. அம்மாவின் மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்பதை எலும்பு மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்தப் பாதைகள் மூட்டை என்ன செய்யும் என்பதை என்னால் சொல்ல முடியும்.

கிரிவலம் 14 கிலோமீட்டர். அதை மாதாமாதம் நடப்பவருக்கு மூச்சு நன்றாக இருக்கிறது, பாதம் பழகியிருக்கிறது, நெடுநேரம் நடக்கும் பொறுமையும் இருக்கிறது. இவை மூன்றும் பெரிய சொத்து. ஏலகிரிப் பீடபூமியில் ஒரு நாளைக்கு எட்டு, பத்து கிலோமீட்டர் நடக்க இவை போதும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கிரிவலப் பாதை மலையைச் சுற்றுகிறது, மலைமேல் ஏறவில்லை. சமதளமான தார்ச்சாலை அது. வழி நெடுக உட்கார இடமும் தண்ணீரும் தேநீரும் உண்டு. முடியாவிட்டால் ஆட்டோ பிடிக்கலாம். முக்கியமாக, இறக்கம் என்று சொல்லும்படி அங்கே எதுவும் இல்லை.

மலைக்குப் புதியவர்கள் ஏற்றத்தைக் கண்டுதான் பயப்படுகிறார்கள். ஏற்றம் நேர்மையானது. மூச்சு வாங்கினால் நிற்கலாம், நின்றால் தணிந்துவிடும். இறக்கத்தில் அப்படி இல்லை. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது; இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடலைத் தாங்கிப் பிடிக்கிறது. ஒவ்வொரு அடியும் ஒரு பிரேக். முழங்கால் சில்லின் மீது உடல் எடையைப்போலப் பல மடங்கு அழுத்தம் விழுகிறது. மூச்சு வாங்காததால் களைப்பு தெரிவதில்லை, சுகமாக இறங்குகிறோம் என்றே தோன்றும். வலி உடனே வராது. இப்படிப்பட்ட தசைவலி ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்குப் போகும். நான்கு நாள் திட்டத்தில் இரண்டாம் நாள் இறக்கம் இருந்தால் அதற்கான விலையை நான்காம் நாள் கொடுக்க வேண்டியிருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு குழுவுக்குத் துணையாக ஏலகிரியின் நிலாவூரிலிருந்து ஜலகாம்பாறை அருவிக்கு இறங்கினேன். பதினெட்டுப் பேர், ஒரே வழிகாட்டி. குழுவில் அறுபதை ஒட்டிய ஓர் அம்மையார் இருந்தார். முதல் நாள் ஏற்றத்தில் இளைஞர்களுக்கெல்லாம் முன்னால் போனவர். பாதி இறக்கத்தில் அவர் நேராகக் கால் வைக்காமல் பக்கவாட்டில் திரும்பித் திரும்பி இறங்க ஆரம்பித்தார். முழங்கால் மடங்க மறுக்கிறது என்பதற்கு அது முதல் அடையாளம். வழிகாட்டியிடம் சொன்னேன். கீழே வண்டி காத்திருக்கிறது, நேரமாகிறது என்றார். அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. அரை மணி நேரத்தில் அவரால் காலை மடக்கவே முடியவில்லை. நான்கு பேர் மாறி மாறித் தோள் கொடுத்து, கைப்பேசி வெளிச்சத்தில் இருட்டில் இறக்கினோம். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் அவர் அதன் பிறகு எந்த மலைக்கும் போகவில்லை என்று அவருடைய மகள் சொன்னார். அன்று நான் எல்லோரையும் நிறுத்தியிருக்க வேண்டும். இந்தப் பதில் இவ்வளவு நீளமாவதற்கு அந்த மாலையும் ஒரு காரணம்.

ஆகவே புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு ஒரு சோதனை செய்து பாருங்கள். அம்மாவைச் சோளிங்கருக்கு அழைத்துப் போங்கள். யோக நரசிம்மர் இருக்கும் பெரிய மலைக்கு 1,305 படிகள். 2024-இல் ரோப் கார் வந்துவிட்டது. நரசிம்மரைச் சேவித்துவிட்டு வரும்போது அதில் ஏறாமல் படி வழியாகவே இறங்குங்கள். நிதானமாக, நின்று நின்று இறங்கட்டும், அவசரம் இல்லை. அன்று மாலை அம்மா என்ன சொல்கிறார் என்பதைப் பொருட்படுத்த வேண்டாம். பிள்ளைகளிடம் எந்த அம்மாவும் ‘ஒன்றுமில்லை’ என்றுதான் சொல்வார். மறுநாளும் அதற்கு மறுநாளும் காலையில் அவர் படுக்கையிலிருந்து எழுவதைப் பாருங்கள், வீட்டுப் படியில் இறங்குவதைப் பாருங்கள். தொடையில் மட்டும் வலி இருந்தால் கவலை இல்லை, அது பழகப் பழகப் போய்விடும். முழங்கால் வீங்கினாலோ, மூட்டின் உள்ளே குத்தினாலோ, இறக்கம் உள்ள நாள்களைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். 1,305 படி கடினமாகத் தோன்றினால் ரத்தினகிரியிலோ வள்ளிமலையிலோ தொடங்கிப் படிப்படியாகச் சோளிங்கருக்கு வாருங்கள்.

இனித் திட்டத்துக்கு வருகிறேன். ஏலகிரியில் முதல் நாள் நடக்கவே வேண்டாம் என்பேன். காட்பாடியிலிருந்து ரயிலில் ஜோலார்பேட்டை வந்து, பொன்னேரி வழியாகப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே போய்ச் சேர்ந்தாலே பாதி நாள் போய்விடும். வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்களை வைத்திருக்கிறார்கள். அப்பா தமிழ்ப் பிரியர் என்றால் பாரி, காரி என்று ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வருவார். மாலையில் புங்கனூர் ஏரியைச் சுற்றி நடந்தால் போதும். உட்கார்ந்து உட்கார்ந்து போகலாம், கால் மலைக்குப் பழகும்.

இரண்டாம் நாள் விடியலில் மங்கலம் கிராமத்திலிருந்து சுவாமிமலை. ஏலகிரியே கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்குமேல் இருப்பதால், ஊரிலிருந்து உச்சிக்கு ஏற வேண்டியது சுமார் முந்நூறு மீட்டருக்குள்தான். நேரம் கணக்கிட ஸ்காட்லாந்து மலையேறியான நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன ஒரு விதி இன்றும் வழக்கத்தில் இருக்கிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அது திடகாத்திரமானவர்களுக்கான கணக்கு. உங்கள் பெற்றோருக்கு வரும் விடையை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். இறங்கவும் ஏறிய அளவு நேரத்தையே ஒதுக்குங்கள். ஊருக்குத் திரும்பும்போது காலைப் பலகாரத்துக்கு நேரம் கொஞ்சம் தப்பியிருக்கும், அவ்வளவுதான். முழங்காலுக்கு இந்த இறக்கம் தாங்கும் அளவுதான். சோளிங்கர் சோதனையில் தேறியவருக்கு இங்கே பயமில்லை.

நீங்கள் அனுப்பிய திட்டத்தில் மூன்றாம் நாள்தான் எனக்குப் பிடிக்கவில்லை. நிலாவூரிலிருந்து ஜலகாம்பாறை அருவிக்கு நடந்து இறங்குவது என்று போட்டிருக்கிறார்கள். ஐந்தாறு கிலோமீட்டர்தான் என்று சொல்வார்கள். தூரத்தைக் கேட்காதீர்கள், இறக்கத்தைக் கேளுங்கள். பீடபூமியின் விளிம்பிலிருந்து அருவிவரை பல நூறு மீட்டர் தொடர்ந்து இறங்க வேண்டும். பாதை நெடுகச் சரளை. மழைக்குப் பின் பாறைகளில் பாசி பிடித்திருக்கும். அம்மாவை அந்தப் பாதையில் விட வேண்டாம் என்று உறுதியாகவே சொல்கிறேன். நீங்களும் அப்பாவும் வழிகாட்டியோடு இறங்குங்கள். அம்மா வண்டியில் திருப்பத்தூர் வழியாக அருவிக்கு வந்து, அங்குள்ள முருகன் கோயிலில் காத்திருக்கட்டும். அதை அம்மா குறையாக நினைக்கக் கூடாது என்றால் இப்போதே பேசிவிடுங்கள். அன்று காலை பேசினால் தான் பாரமாகிவிட்டதாக நினைப்பார். அருவியில் எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்பதை வடகிழக்குப் பருவமழைதான் தீர்மானிக்கும். மழை சரியாகப் பெய்த ஆண்டில் டிசம்பரில் நன்றாக விழும். பொய்த்த ஆண்டில் பாறையில் ஒரு வெள்ளைக் கோடுதான்.

நான்காம் நாள் ஜவ்வாது மலை. ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர்வரை வண்டியில் போய், அங்கே கோமுட்டேரிக் கரையிலும் சாமை வயல்கள் வழியாகவும் நடக்கலாம். பீமன் அருவியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் இந்த நாளைச் சனிக்கிழமையில் வைத்துக்கொள்ளுங்கள். காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986-இல் நிறுவிய 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது. யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டு என்று 1977-இல் உலகம் அறிந்துகொண்டபோது, அன்று எடுத்த அவதானிப்புகளில் காவலூருடையதும் ஒன்று. சனிக்கிழமைகளில் பார்வையாளர்களை அனுமதிப்பது வழக்கம். புறப்படும் முன் விசாரித்து உறுதி செய்துகொள்ளுங்கள். வானம் மூடியிருந்தால் எதுவும் தெரியாது. நான்கு நாள் நடந்த கால்களோடு அந்த மலையிருட்டில் நின்று அண்ணாந்து பார்த்தால் உங்கள் அப்பா நெடுநாள் மறக்கமாட்டார்.

அடுத்தது வழிகாட்டி. கேட்டுக் கேட்டே போகலாமா என்றால், ஏரிக்கரைக்கும் ஊர்ப்பாதைக்கும் தாராளமாகப் போகலாம். அங்கே பணம் கொடுத்து ஆள் வைக்கத் தேவையில்லை. காட்டுக்குள் நுழையும் பாதைகளில் அப்படிப் போகக் கூடாது. மாட்டுத் தடமும் நடைபாதையும் உண்ணிச்செடிப் புதர்களுக்குள் ஒன்றுபோலவே பிரியும். ‘இதோ பக்கம்தான்’ என்று மலைக்காரர் சொல்வது அவர் காலின் கணக்கு. அதைவிட முக்கியமானது சட்டம். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறியவர்கள் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளைத் திறந்து, இணையத்தில் முன்பதிவு செய்யும் ஏற்பாட்டையும் தொடங்கியது. பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்களே அங்கே வழிகாட்டிகள். திருப்பத்தூர் மாவட்டத்தில் சுவாமிமலையும் ஜலகாம்பாறையும் அந்தப் பட்டியலில் வந்தவை. தீக்காலம் என்பதால் 2025-இல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை பாதைகளை மூடினார்கள். டிசம்பரில் அந்தத் தொல்லை இல்லை. தனியார் நிறுவனம் மூலம் போவதானால், வனத்துறை அனுமதி உங்கள் பெயர்களில் வாங்கியிருக்கிறதா என்று கேட்டு, தாளைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

வழி தெரிந்தவர் வேறு, வழி நடத்துபவர் வேறு. வழி தெரிந்தவர் ஊரில் பத்துப் பேர் கிடைப்பார்கள். நீங்கள் பணம் கொடுப்பது எப்போது திரும்பிவிட வேண்டும் என்று தெரிந்தவருக்கு. அவரிடம் நான் கேட்கும் கேள்விகள் கொஞ்சம்தான். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? எட்டுக்குமேல் என்றால் எனக்குச் சம்மதமில்லை. வரிசையின் கடைசியில் யார் வருவார்? முன்னால் போகிறவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது. கடைசி ஆள் இல்லாத குழு பாதிக் குழு. எந்த இடம்வரை போனால் திரும்பலாம், எந்த இடத்துக்குப் பிறகு முன்னேறித்தான் ஆக வேண்டும்? இதற்கு யோசிக்காமல் ஓர் இடத்தின் பெயரைச் சொன்னால் அவரை நம்பலாம். ‘அதெல்லாம் ஒன்றும் ஆகாது சார்’ என்றால் வேறு ஆளைத் தேடுங்கள். கடைசியாக, அம்மா தயங்கினால் முடிவு யாருடையது? ‘நான் சொன்னால் திரும்ப வேண்டும்’ என்று அவர் சொல்ல வேண்டும், அதற்கு நீங்களும் கட்டுப்பட வேண்டும். அம்மாவிடம் நீங்கள் திரும்பலாம் என்றால் அது பாசம், அவர் மறுப்பார். வழிகாட்டி சொன்னால் அது விதி, ஏற்றுக்கொள்வார். இருபத்திரண்டு ஆண்டுகளில் இது பொய்த்ததே இல்லை.

காலணியைப் பற்றித் தோல் ஊர்க்காரன் பேசாமல் இருக்க முடியாது. ஆம்பூரும் வாணியம்பாடியும் உலகத்துக்கே காலணி தைத்து அனுப்புகின்றன. ஆனால் நம்மவர்கள் மலைக்குச் செருப்போடு வருகிறார்கள். காலணியை மாலையில் வாங்குங்கள், பகலெல்லாம் நடந்த பாதம் அப்போது சற்றுப் பெருத்திருக்கும். தடித்த காலுறை போட்டுக்கொண்டு அணிந்து, பெருவிரலுக்கு முன்னால் அரை விரல் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இறக்கத்தில் பாதம் முன்னே நகரும். இடம் இல்லையென்றால் நகம் கறுத்துவிடும். அடிப்பாகம் ஆழமான வெட்டுகளோடு இருக்கட்டும். புறப்படும் நாளில் புதுக் காலணி கூடாது, குறைந்தது இரண்டு பௌர்ணமி கிரிவலமாவது நடந்ததாக இருக்க வேண்டும். கிரிவலத்தில் அம்மா வெறுங்காலோடு நடப்பவர் என்றால் தினசரி காலைநடையில் பழகட்டும். இரண்டு கைக்கும் ஊன்றுகோல் கொடுங்கள். இறக்கத்தில் முழங்கால் சுமையில் ஒரு பங்கைக் கைகள் வாங்கிக்கொள்ளும். மூங்கில் கழியும் போதும்.

விலங்குகளைக் கண்டு அதிகம் பயப்பட வேண்டாம். கரடி இந்த மலைகளில் உண்டு. விடியலுக்கு முன்பும் அந்திக்குப் பின்பும் காட்டுப் பாதையில் இல்லாமலிருந்தால் சந்திக்க வேண்டியிராது. டிசம்பரில் மாலை ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். நான்கு மணிக்கு ஊருக்குள் இருங்கள். பாறைத் தேன்கூடுகள் தெரிந்தால் சத்தம், புகை, வாசனைத் திரவியம் எதுவும் வேண்டாம். பாம்பு கடித்தால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். காலை அசைக்காமல் திருப்பத்தூர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அப்பாவோ அம்மாவோ சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர் என்றால், நடக்கும் நாளில் அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் முன்பே கேளுங்கள். சட்டைப் பையில் வெல்லமோ குளுக்கோஸோ இருக்கட்டும்.

பலரும் மறந்துவிடும் ஒன்று இருக்கிறது. உண்ணிக் காய்ச்சல் என்று செய்தித்தாள்கள் எழுதும் ஸ்க்ரப் டைஃபஸ் நம் வேலூர்ப் பகுதியில் உண்மையாகவே இருக்கும் நோய். மழைக்குப் பிந்தைய குளிர்மாதங்களில்தான் அதிகம். புதரில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சிக்குஞ்சு கடிப்பதால் வருகிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இதில் நெடுங்காலம் ஆய்வு செய்தவர்கள். புல்லில் நேரடியாக உட்காராதீர்கள், முழுக்கால் சட்டை அணியுங்கள், திரும்பி வந்ததும் குளித்து உடைகளைத் துவைத்துப் போடுங்கள். திரும்பிய மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் ‘மலையில் புதர்க்காட்டில் நடந்தோம்’ என்று மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். உடலில் எங்காவது சிகரெட் சுட்டது போன்ற கறுத்த புண் இருக்கிறதா என்றும் பாருங்கள். நேரத்தில் கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரையிலேயே தீரும். தாமதித்தால் உயிருக்கு ஆபத்து.

மலையில் வாழ்பவர்களை மலையாளிகள் என்பார்கள். கேரளத்துக்காரர்கள் அல்லர், தமிழ் பேசும் பழங்குடியினர். அவர்கள் வாசலில் நின்று படமெடுக்கும் முன் கேளுங்கள். சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் சமைத்துத் தரச் சொன்னால் தருவார்கள். கொடுக்க வேண்டியதை முன்பே பேசிக் கொடுத்துவிடுங்கள். இரவில் குளிரும், அம்மாவுக்கு ஒரு சால்வை அதிகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் வங்கக்கடலில் தாழ்வழுத்தம் உருவானால் இந்த மலைகளில் இரண்டு மூன்று நாள் மழை நிற்காது. அப்படி வானிலை அறிக்கை வந்தால் கட்டிய பணத்தை நினைக்காமல் தேதியை மாற்றுங்கள். தேதி மாற்றம் பற்றி நிறுவனத்திடம் இப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சோளிங்கருக்குப் போய் வந்த மூன்றாம் நாள் காலை அம்மாவின் முழங்கால் எப்படி இருந்தது என்று இங்கேயே எழுதுங்கள். சுவாமிமலையை வைத்துக்கொள்ளலாமா, அந்த நாளையும் ஏரிக்கரைக்கே கொடுத்துவிடலாமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.